ஜிம் ஊசியை நிறுத்திய தம்பிக்கு என்ன சிகிச்சை, எவ்வளவு காலம்?

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். மதுரையில் தங்கி வேலை பார்க்கும் உங்கள் தம்பிக்கு 27 வயது. ஆணழகன் போட்டிக்காக இரண்டு ஆண்டுகள் ஜிம்மில் தசை வளர்க்கும் ஸ்டீராய்டு ஊசியும் மாத்திரையும் எடுத்துக்கொண்டவர், ஆடி மாதத்தோடு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். இப்போது எந்நேரமும் படுத்தே கிடக்கிறார், யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, உடம்பு வற்றிக்கொண்டே போகிறது. தை மாதம் கல்யாணம் பேசி முடித்திருக்கிறீர்கள். ஜிம் மாஸ்டர் இன்னொரு கோர்ஸ் போட்டால் சரியாகிவிடும் என்கிறார், மருந்துக்கடைக்காரர் ஏதோ ஓர் அட்டையைக் கொடுத்திருக்கிறார், வீட்டுப் பெரியவர்கள் செய்வினை என்கிறார்கள். இதற்கு வைத்தியம் உண்டா, பிள்ளை பிறக்குமா, யாரிடம் காட்டுவது என்பது உங்கள் கேள்வி.

வைத்தியம் உண்டு. இப்படி நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் மீண்டுவிடுகிறார்கள். ஆனால் அது வாரக் கணக்கில் முடிகிற காரியம் அல்ல, மாதக் கணக்கில் ஆகும்; சிலருக்கு ஓராண்டையும் தாண்டும். அந்த இடைக்காலத்தில் அவரை மறுபடியும் ஊசிக்குப் போகவிடாமலும், மனம் உடைந்துபோகவிடாமலும் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சையின் பெரும்பகுதி என்பது என் கருத்து. மருந்தின் பங்கு அதற்கு அடுத்ததுதான்.

முதலில் உடம்புக்குள் நடந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பிக்கு உத்தரவு அனுப்புகிறது, பிட்யூட்டரி எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். என்ற இரண்டு ஹார்மோன்களைச் சுரக்கிறது. அவற்றின் தூண்டுதலால்தான் விரைகள் டெஸ்டோஸ்டிரோனையும் விந்தணுக்களையும் உண்டாக்குகின்றன. வெளியிலிருந்து ஊசி மூலம் டெஸ்டோஸ்டிரோனோ அதன் இனத்தைச் சேர்ந்த நான்ட்ரோலோன், ஸ்டானோசோலோல் போன்றவையோ ஏராளமாக வந்து சேரும்போது, போதுமானதற்கு மேல் இருக்கிறது என்று மூளை உத்தரவை நிறுத்திவிடுகிறது. பக்கத்துத் தோட்டத்து மோட்டார் தண்ணீர் வயலை நிறைத்துவிட்டால் கண்மாய் மடையை அடைத்துவிடுவோம் அல்லவா, அதுபோல. மோட்டாரை நிறுத்திய அன்றே மடை தானாகத் திறந்துகொள்வதில்லை. இரண்டு ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தது திறக்க நாளாகும். அதுவரை வயல் காயத்தான் செய்யும். உங்கள் தம்பியிடம் நீங்கள் காணும் சோர்வு, ஆசையின்மை, தசை வற்றுதல், எரிச்சல், தூக்கக் கேடு அனைத்தும் பெரும்பாலும் இந்த வறட்சிக் காலத்தின் அடையாளங்கள். செய்வினையும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை.

ஜிம் மாஸ்டர் சொல்லும் இன்னொரு கோர்ஸால் தம்பிக்குத் தெம்பு வருவது உண்மைதான். அதனால்தான் அந்த யோசனை ஆபத்தானது. வந்த தெம்பு ஊசியின் தெம்பு. மடை மறுபடியும் அடைபடும். அடுத்த முறை நிறுத்தும்போது சரிவு இதைவிட ஆழமாக இருக்கலாம். இந்த மருந்துகளை எடுப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் விட முடியாத நிலைக்குப் போகிறார்கள் என்று இத்துறையில் ஆராய்ந்தவர்கள் மதிப்பிடுகிறார்கள். போதை தருவதால் மட்டும் அப்படி ஆவதில்லை. விட்ட பிறகு வரும் இந்தச் சரிவைத் தாங்க முடியாமல் திரும்பிப் போகிறவர்களும் பலர். நான்கைந்து மாதங்களாகத் தாங்கிக்கொண்டிருக்கும் உங்கள் தம்பி கடினமான பாதியைக் கடந்துகொண்டிருக்கிறார் என்பதை அவரிடமே சொல்லுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது அவர் என்னென்ன எடுத்தார் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வீட்டில் மிச்சம் இருக்கும் பாட்டில், அட்டை, லேபிள் இல்லாத குப்பி, பவுடர் டப்பா என எதையும் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கடைசி ஊசி எந்தத் தேதியில் போட்டது என்பதும் முக்கியம். ஏனெனில் நான்ட்ரோலோன் டெக்கனோயேட் போன்ற எண்ணெய் ஊசிகள் தசைக்குள் தங்கி, வாரக் கணக்கில் கசிந்துகொண்டிருக்கும். இந்த ஊசியோடு வேறு இரண்டு பொருள்கள் நம் ஊர்ப்பக்கம் கலந்துவிடுகின்றன. ஒன்று மெஃபென்டெர்மின். அறுவை அரங்கில் ரத்த அழுத்தம் இறங்கும்போது மயக்கவியல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஊசி அது. உடற்பயிற்சிக்கு முன் வேகம் வரும் என்று இளைஞர்கள் சட்டத்துக்குப் புறம்பாக வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். அது இதயத் துடிப்பைக் கெடுப்பதோடு, சந்தேக புத்தியையும் மனப்பிறழ்வையும் உண்டாக்கக்கூடியது; நிறுத்தினால் கடும் சோர்வு வரும். மற்றொன்று, உடம்பு ஏறுவதற்கு என்று உறையில்லாமல் காகிதத்தில் மடித்துத் தரும் மாத்திரைகள். அவற்றில் டெக்ஸாமெத்தசோன் இருப்பதுண்டு. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் தரப்படும் வகையைச் சேர்ந்த ஸ்டீராய்டு அது. தசையை வளர்க்கும் ஸ்டீராய்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதை நெடுநாள் எடுத்துவிட்டுத் திடீரென நிறுத்தினால் அட்ரினல் சுரப்பி கைவிட்டு, ரத்த அழுத்தம் சரிந்து, உயிருக்கே ஆபத்தாக முடியலாம். உங்கள் தம்பி அந்த மாத்திரையை எடுத்திருந்தால் அவருடைய சோர்வுக்குக் காரணம் முற்றிலும் வேறாக இருக்கக்கூடும். காலை வேளையில் எடுக்கும், அட்ரினல் சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோனுக்கான பரிசோதனை அதைக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது பரிசோதனைகள். காலை 7 மணி முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், ரத்தம் எடுக்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் அதிகாலையில் உச்சத்தில் இருந்து பிறகு இறங்கும் ஹார்மோன் என்பதால், மாலையில் எடுத்த ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒரு முறை குறைவாக வந்தால் வேறொரு நாளில் மறுமுறை பார்த்த பிறகுதான் உறுதி செய்வோம். முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாட்கள் முன்பே நிறுத்திவிட வேண்டும். பல ஆய்வகக் கருவிகளில் பயோட்டின் குறுக்கிட்டு டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டியும் எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். அளவுகளைக் குறைத்தும் காட்டிவிடும். இதைக் கேட்காமலே ரத்தம் எடுத்துவிடுகிறார்கள்.

ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்பதையும் சொல்கிறேன். வயதுவந்த ஆணுக்கு மொத்த டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 300 முதல் 1000 நானோகிராம் வரை இருக்கும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் எல்லை சற்று மாறும். உதாரணமாக டெஸ்டோஸ்டிரோன் 120 என்றும், எல்.ஹெச். 0.3 என்றும் வந்தால், மூளை இன்னும் உத்தரவு போடத் தொடங்கவில்லை என்று பொருள். டெஸ்டோஸ்டிரோன் 220, எல்.ஹெச். 4 என்று வந்தால், குறைவாகத்தான் இருந்தாலும் மடை திறந்துவிட்டது, காத்திருக்கலாம். டெஸ்டோஸ்டிரோன் குறைந்தும் எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். இரண்டும் மிக உயர்ந்தும் இருந்தால், பழுது விரையிலேயே இருக்கிறது. அதற்கான காரணத்தைத் தனியாகத் தேட வேண்டும். பிட்யூட்டரி சுரக்கும் ப்ரோலாக்டின், தைராய்டு, ஹார்மோனைச் சுமக்கும் புரதமான எஸ்.ஹெச்.பி.ஜி. ஆகியவற்றையும் சேர்த்தே பார்ப்போம். ஊசி போட்டவர் என்பதற்காக எல்லாக் குறையையும் ஊசியின் தலையில் கட்டிவிட்டால், பிட்யூட்டரிக் கட்டி போன்ற வேறொரு நோய் கண்ணில் படாமல் போய்விடும்.

உடல் பரிசோதனையில் பையன்கள் கூச்சப்படும் ஓர் இடம் உண்டு. ஆர்க்கிடோமீட்டர் என்று ஒன்று இருக்கிறது: சிறியதிலிருந்து பெரியது வரை முட்டை வடிவ மணிகள் கோத்த ஒரு சரம், ஒவ்வொரு மணியிலும் 1 முதல் 25 வரை மில்லிலிட்டர் அளவு எழுதியிருக்கும். மருத்துவர் ஒரு கையால் விரையையும் மறு கையால் மணியையும் தொட்டு ஒப்பிட்டு அளவைக் குறித்துக்கொள்வார். வயதுவந்தவருக்குப் பொதுவாக 15 மில்லிலிட்டருக்கு மேல் இருக்கும். நீண்ட காலம் ஊசி போட்டவருக்கு அது சுருங்கியிருக்கும். அரை நிமிட வேலைதான். மாதங்கள் கழித்து மறுபடி அளக்கும்போது ஒரு மணி பெரிதாகியிருந்தால், ரத்த ரிப்போர்ட்டைப் போலவே அதுவும் நல்ல சேதி. அதனால் கூச்சத்தில் இதைத் தவிர்க்க வேண்டாம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

ஹார்மோனைவிட எனக்கு அதிகக் கவலை தருவது இதயம். இந்த மருந்துகள் நல்ல கொழுப்பான ஹெச்.டி.எல்.லைக் கீழே இழுக்கின்றன, கெட்ட கொழுப்பை ஏற்றுகின்றன, ரத்தத்தைக் கெட்டியாக்குகின்றன, இதயத் தசையைத் தடிக்கச் செய்து அதன் இயக்கத்தைப் பலவீனமாக்குகின்றன. 2017ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், பளு தூக்கும் ஆண்கள் 140 பேரின் இதயத்தை எக்கோவில் பார்த்தார்கள். ஊசி எடுத்தவர்களின் இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் ரத்தத்தின் பங்கு சராசரியாக 52 சதவீதமாகவும், எடுக்காதவர்களுக்கு 63 சதவீதமாகவும் இருந்தது. நிறுத்தியவர்களுக்கு ஓரளவு திரும்புகிறது. ரத்தக் குழாயில் படிந்த கொழுப்போ நிறுத்தினாலும் அங்கேயே இருக்கும். ஆகவே இரண்டு ஆண்டுகள் எடுத்தவர் வயது 27 தானே என்று விடாமல் ஈ.சி.ஜி., எக்கோ, கொழுப்பு அளவு, ரத்த அழுத்தம், முழு ரத்த எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹெமட்டோகிரிட் 54 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ரத்தம் உறையும் அபாயம் கருதி மருத்துவர் உடனே கவனிப்பார். சிவப்பணுக்களின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள் என்பதால், மருந்தை விட்ட சில மாதங்களில் அது பெரும்பாலும் தானாக இறங்கிவிடும்.

கல்லீரல் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறுகிறவர்கள் அதிகம். கடும் உடற்பயிற்சி செய்தாலே எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற நொதிகள் ஏறும், ஏனெனில் அவை தசையிலும் உண்டு, கூடவே ஜி.ஜி.டி.யும் பிலிருபினும் ஏறியிருந்தால்தான் கல்லீரலைச் சந்தேகிக்க வேண்டும். மீத்தான்டியனோன், ஸ்டானோசோலோல் போன்ற மாத்திரை வகைகள் கல்லீரலில் பித்தத் தேக்கத்தையும் கட்டிகளையும் உண்டாக்கக்கூடியவை என்பதால், அவற்றை எடுத்தவருக்கு வயிற்று ஸ்கேன் ஒன்று தேவைப்படலாம். சிறுநீரகத்துக்காகப் பார்க்கும் கிரியேட்டினினும் தசை அதிகமுள்ளவருக்குச் சற்றுக் கூடவே இருக்கும். சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் சிறுநீரகத்தின் நிலை தெரியும். ஒரே குப்பியிலிருந்து பலர் மருந்து எடுத்திருந்தால், ஊசியைப் பகிர்ந்திருந்தால், ஹெச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி, சி பரிசோதனை கட்டாயம். அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் ஹெச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ரகசியம் காக்கப்படும். 2018ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் ஹெப்படைட்டிஸ் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. கல்யாணத்துக்கு முன் இதைச் செய்துவிடுவது வரப்போகும் பெண்ணுக்கும் பாதுகாப்பு.

இனி மருந்து. மருந்துக்கடையில் கொடுத்த அட்டை அநேகமாக க்ளோமிஃபீன் அல்லது டாமொக்ஸிஃபென் ஆக இருக்கும்; ஜிம் வட்டாரத்தில் பி.சி.டி. (கோர்ஸுக்குப் பிந்தைய சிகிச்சை) என்ற பெயரில் இவற்றைத்தான் விற்கிறார்கள். இவை மூளையின் உத்தரவைத் தூண்டக்கூடியவைதான், தேவையானபோது நாங்களும் எழுதுகிறோம். ஆனால் எல்லோருக்கும் கட்டாயம் தேவை என்பதற்கோ, குணமாகும் காலத்தைக் குறைக்கும் என்பதற்கோ வலுவான ஆதாரம் இல்லை. க்ளோமிஃபீனால் பார்வை மங்கலும் மனநிலை மாற்றமும் வரலாம், டாமொக்ஸிஃபெனால் ரத்தக் கட்டி உண்டாகலாம். லேசான தொந்தரவு உள்ளவர், எல்.ஹெச். ஏறத் தொடங்கியவர் என்றால் மருந்தில்லாமல் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்த்துக் காத்திருப்பதையே நான் விரும்புவேன். தொந்தரவு கடுமையாக இருந்தாலோ, மறுபடி ஊசிக்குப் போய்விடுவார் என்ற நிலை இருந்தாலோ, நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் குறிப்பிட்ட காலத்துக்கு மருந்து கொடுத்துக் கண்காணிப்பார். எல்.ஹெச். செய்யும் வேலையைத் தானே செய்யும் ஹெச்.சி.ஜி. ஊசியும் அவர் கையில் உள்ள ஆயுதங்களில் ஒன்று. அளவு தெரியாமல் போட்டால் மார்பு வீக்கத்தைக் கொண்டுவரும்.

டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருக்கிறது என்ற ரிப்போர்ட்டைப் பார்த்ததும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியையே எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு. பிள்ளை வேண்டும் என்று இருக்கும் ஆணுக்கு அதைக் கொடுக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனாந்தேட் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே ஆராய்ந்து 1990ல் முடிவுகளை வெளியிட்டது. உங்கள் தம்பியைப் போன்றவர்கள் போட்டுக்கொள்ளும் அளவு பல சமயம் அதைவிட அதிகம்.

பிள்ளை பிறக்குமா என்ற உங்கள் கேள்விக்கும் அந்தக் கருத்தடை ஆராய்ச்சிகளே பதில் தருகின்றன. அத்தகைய 30 ஆய்வுகளில் பங்கேற்ற 1500க்கும் மேற்பட்ட ஆண்களின் விவரங்களைத் தொகுத்து 2006ல் வெளியிட்டார்கள். ஊசியை நிறுத்திய ஆறு மாதத்துக்குள் 67 சதவீதம் பேருக்கும், ஓராண்டுக்குள் 90 சதவீதம் பேருக்கும், விந்தணு எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 2 கோடி என்ற அளவுக்குத் திரும்பும் என்று அதில் கணித்திருந்தார்கள். இரண்டு ஆண்டுக்குள் அனைவருக்கும். அவர்கள் எடுத்தது ஆய்வில் வகுத்த அளவான மருந்து என்பதை மறக்கக் கூடாது. ஜிம்மில் நான்கைந்தைக் கலந்து எடுத்தவர்களுக்கு நாள் கூடும். டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வில், நிறுத்திச் சராசரியாக இரண்டரை ஆண்டுகள் ஆன பிறகும் நான்கில் ஒருவருக்குச் சற்று அதிகமானோருக்கு டெஸ்டோஸ்டிரோன் இயல்பைவிடக் குறைவாகவே இருந்தது. எனவே உறுதியாகத் திரும்பும் என்று எந்த மருத்துவரும் நாள் குறித்துக் கொடுக்க முடியாது, திரும்பாதவர்களுக்கு ஹெச்.சி.ஜி.யும் எஃப்.எஸ்.ஹெச். ஊசியும் சேர்த்துக் கொடுத்து விந்தணு உற்பத்தியைத் தூண்ட வழி இருக்கிறது. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு விந்துப் பரிசோதனை செய்ய வேண்டும். ஒரு விந்தணு உருவாகவே ஏறத்தாழ 74 நாட்கள் பிடிக்கும் என்பதால், மூன்று மாதத்துக்கு முன் மறுபரிசோதனை செய்வதில் பயனில்லை. ஊசி போட்ட கதையை மறைத்து நேராகக் கருத்தரிப்பு மையத்துக்குப் போகும் தம்பதிகள், காத்திருந்தால் தானாக வந்திருக்கக்கூடிய பிள்ளைக்காக லட்சக்கணக்கில் கடன் வாங்குவதைக் காணும்போது மனம் வேதனைப்படுகிறது.

மார்பில் காம்புக்குக் கீழே கட்டி போல இருந்தால், வலியோடு புதிதாக வந்ததென்றால் மருந்தில் குறைய வாய்ப்பு உண்டு. ஓராண்டு கடந்து இறுகிவிட்டால் அறுவை சிகிச்சைதான்.

இவை எல்லாவற்றையும்விட முதலில் பார்க்க வேண்டியது அவருடைய மனநிலை. ஊசியை நிறுத்திய பின் வரும் மனச்சோர்வு சிலருக்குத் தற்கொலை எண்ணம் வரை போகிறது. ஹார்மோன் இறங்கியது ஒரு காரணம். இரண்டு ஆண்டு பாடுபட்டு வளர்த்த புஜம் கண்ணெதிரே கரைவதைக் கண்ணாடியில் தினமும் பார்ப்பது இன்னொரு காரணம். மற்றவர் கண்ணுக்குத் திடகாத்திரமாக இருந்தும் தான் ஒல்லி என்றே நம்பும் ஒரு மனநோயும் இவர்களில் பலருக்கு முன்பே இருந்திருக்கும். விசேஷ வீடுகளில் "என்னப்பா, இப்படி எலும்பா போயிட்ட?" என்று உறவினர் கேட்கும் ஒரு வார்த்தை அவரை மறுபடி அந்த ஜிம்முக்கு அனுப்பிவிடும். வீட்டில் யாரும் அவர் உடம்பைப் பற்றிப் பேச வேண்டாம் என்று நீங்கள் அக்கா என்ற உரிமையில் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று அவரிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும், 104 என்ற எண்ணிலும் எந்நேரமும் தமிழில் பேசலாம். மனநல மருத்துவர் தரும் மாத்திரையை ஹார்மோன் சரியாகும்வரை எடுப்பதில் எந்த இழுக்கும் இல்லை.

உடற்பயிற்சியை அவர் அடியோடு விட வேண்டியதில்லை. எக்கோ நன்றாக இருந்தால் மிதமான எடையோடு, வேறு ஜிம்மில், பழைய கூட்டாளிகள் இல்லாத நேரத்தில் தொடரலாம். அது மனத்துக்கும் மருந்து. லேபிள் சரியில்லாத பவுடர்களுக்குப் பதில் முட்டை, மீன், சுண்டல் போதும். மது கூடாது.

கல்யாணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு ரத்த ரிப்போர்ட்டுகளும் ஒரு விந்துப் பரிசோதனையும் கைக்கு வரும்வரை தேதியைத் தள்ள முடியுமானால் தள்ளுங்கள். தள்ள முடியாது என்றால், தம்பியே அந்தப் பெண்ணிடம் நடந்ததைச் சொல்லிவிடட்டும். தாம்பத்தியத்தில் ஆரம்பத்தில் தடுமாற்றம் இருக்கலாம், அது தற்காலிகமானது, அதற்கு மருந்தும் உண்டு. சொல்லாமல் விட்டால் அந்தப் பெண் தன் மேல்தான் குறை என்று நினைப்பாள், ஊரும் ஓராண்டில் அவளைத்தான் கேள்வி கேட்கும்; அந்த அநியாயத்துக்கு நீங்கள் இடம் கொடுக்கக் கூடாது.

யாரிடம் காட்டுவது என்றால், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் பொது மருத்துவப் புறநோயாளிப் பிரிவில் தொடங்கலாம். அங்கிருந்து இதயம், மனநலம் என்று தேவையான பிரிவுக்கு அனுப்புவார்கள். தனியாரிடம் போவதானால் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் நேராகப் போங்கள். ஊசி போட்டுக்கொண்டதைச் சொன்னால் போலீஸுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். சீட்டில்லாமல் விற்றவர்தான் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், நோயாளி சொன்னதை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவரின் கடமை. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம், கை கால் திடீரென விழுதல், கண் மஞ்சளாதல், ஊசி போட்ட இடத்தில் காய்ச்சலோடு வீக்கம் இவற்றில் ஏதாவது தெரிந்தால் முன்பதிவுக்குக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். மற்றபடி இந்த வாரத்திலேயே ஒரு நாள், அதிகாலைப் பேருந்தில் புறப்பட்டு, காலை ஆகாரம் சாப்பிடாமல், அந்தக் குப்பிகள் அடங்கிய பையோடு தம்பியை அழைத்துப் போங்கள். அவர் உள்ளே தனியாகப் பேச விரும்பினால் நீங்கள் வெளியே உட்கார்ந்துகொள்ளுங்கள்.